ஆறு மாட்டுப் பாலில் பனீர் போட்டால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் செய்யாறு பக்கம். ஆறு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். நான்கு கறவையில் இருக்கின்றன. அவை நாளுக்கு 14, 11, 8, 5 லிட்டர் கொடுக்கின்றன. ஒன்று எட்டு மாதச் சினை. இன்னொன்று கன்று போட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. நான்கு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, பாலும் வற்றிவிட்டது. காலைப் பாலைச் சங்கத்திலும் மாலைப் பாலைத் தனியார் நிலையத்திலும் ஊற்றுகிறோம். சராசரியாக லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது. கோடையில் நல்ல விலை கொடுத்த தனியார் நிலையம் மழைக்காலம் வந்ததும் குறைத்துவிட்டது. கறவை மாட்டுக்குத் தலா 6 கிலோ, மற்ற இரண்டுக்கும் தலா 2 கிலோ தீவனம் வைக்கிறோம். 50 கிலோ மூட்டை 1,450 ரூபாய். வைக்கோலுக்கு நாளுக்கு 180, மருந்து மற்ற செலவுக்கு 60 ஆகிறது. 20 சென்ட்டில் கோ-4 தீவனப் புல் இருக்கிறது. மூன்று லட்சம் கடன் வாங்கி, கிரீம் பிரிக்கும் இயந்திரமும் பனீர் அழுத்தும் கருவியும் வாங்கலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. கறவை அளவையும் தீவன அளவையும் மாடு வாரியாக எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் உங்கள் தொழுவத்துக் கணக்கை இங்கிருந்தே போட முடிகிறது.

38 லிட்டரை 35 ரூபாயால் பெருக்கினால் 1,330. தீவனம் 28 கிலோ, கிலோ 29 ரூபாய் வீதம் 812. வைக்கோலும் மற்றதும் 240. மீதி 278 ரூபாய். இதில் உங்கள் இருவரின் கூலியைச் சேர்க்கவே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணம் அள்ளும் இரண்டு பேருக்கு நாளுக்கு 278 ரூபாய் என்பது மனத்தை வருத்துகிறது. ஆனால் இந்த நிலையைப் பனீர் மாற்றாது. ஏன் என்று சொல்கிறேன்.

பசும்பால் ஏழு லிட்டர் இருந்தால் ஒரு கிலோ பனீர் வரும். எருமைப்பால் என்றால் ஐந்து லிட்டரே போதும். உங்களிடம் இருப்பதோ பசு. உங்கள் பால் முழுவதையும் திரித்தாலும் 5.4 கிலோதான். ஓட்டல்காரர் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்தால் 1,620 ரூபாய். எரிவாயு, சிட்ரிக் அமிலம், ஐஸ், போக்குவரத்து என்று 250 ரூபாயைக் கழியுங்கள். 1,370 நிற்கிறது. பாலாக ஊற்றியதைவிட நாற்பது ரூபாய் கூடுதல். இந்த நாற்பது ரூபாய்க்காகப் பாலைத் 90 டிகிரிக்குக் காய்ச்சி, சற்று ஆறவைத்து, திரித்து, அழுத்தி, குளிர்நீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம் தாண்டாது. அத்தோடு தாவர எண்ணெய் கலந்த போலிப் பனீரின் விலையோடு மோத வேண்டும். கடன் தவணைக்கு அதில் எங்கே மிச்சம்?

நெய்க் கணக்கு இன்னும் மோசம். நான்கு சதவீதக் கொழுப்புள்ள 38 லிட்டரில், சேதாரம் போக, 1.4 கிலோ நெய் கிடைக்கும். கிலோ 700 என்றாலும் 980 ரூபாய்தான். பாலாக ஊற்றினால் கிடைப்பதைவிட 350 ரூபாய் குறைவு. கொழுப்பெடுத்த பாலையோ மோரையோ அன்றன்றைக்கு விற்க முடிந்தவர்களுக்கு மட்டுமே நெய் லாபம். பெரிய பால்பண்ணைகள் பிழைப்பதும் அப்படித்தான். அவர்கள் கொழுப்பை வெண்ணெயாக்கி, மீதியைப் பவுடராக்குகிறார்கள்.

தனியார் நிலையம் ஏன் விலையைக் குறைத்தது என்பதற்கும் பதில் இந்தப் பவுடரில்தான் இருக்கிறது. 100 லிட்டர் பசும்பாலில் சுமார் எட்டரைக் கிலோ கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கிடைக்கும். சந்தையில் பவுடர் விலை கிலோவுக்கு 100 ரூபாய் சரிந்தால், பண்ணைக்கு 100 லிட்டரில் 850 ரூபாய் போயிற்று; அதாவது லிட்டருக்கு எட்டரை ரூபாய். மழைக்காலத்தில் பசும்புல் பெருகிப் பாலும் பெருகும்போது, விற்காத பால் எல்லாம் பவுடராகிக் கிடங்கில் சேர்கிறது. அந்தச் சுமையை உங்கள் தலையில் இறக்கிவிடுகிறார்கள். ஆகவே சங்கத்தை விடாதீர்கள். கோடையில் இரண்டு ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் மழைக்காலத்தில் கைகொடுப்பது சங்கம்தான். லாபம் வந்த ஆண்டில் போனசும் உண்டு.

அந்தச் சங்கத்திலும் உங்களுக்கு உரிய விலை முழுதாக வரவில்லை என்று நினைக்கிறேன். 2023 டிசம்பர் 18 முதல் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35-லிருந்து 38 ரூபாயாக உயர்ந்தது. அது தரம் சரியாக இருக்கும் பாலுக்கு. உங்கள் பாலில் கொழுப்போ, இதரச் சத்தோ (கொழுப்பு நீங்கலான புரதம், சர்க்கரை, தாது) குறைகிறது போலிருக்கிறது. ரசீதில் இரண்டும் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

கொழுப்பு குறைந்தால் முதலில் கறக்கும் முறையைக் கவனியுங்கள். நாளை காலை ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். 14 லிட்டர் மாட்டின் முதல் பத்துப் பீச்சலை ஒரு கண்ணாடி டம்ளரிலும், கடைசிப் பத்துப் பீச்சலை இன்னொன்றிலும் பிடித்து, அசைக்காமல் மாலை வரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முதல் டம்ளரில் நூல் அளவு ஆடை நிற்கும். இரண்டாவதில் விரல் அகலத்துக்கு மஞ்சளாகப் படிந்திருக்கும். மடியின் கொழுப்பில் பெரும்பங்கு கடைசிப் பாலில்தான் இறங்குகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் கறந்து முடிக்கும் முன்பே கன்றை அவிழ்த்துவிடுகிறோம். பாவம், கன்றுக்குப் பால் வேண்டும்தான். அதை முதலிலேயே ஊட்டிவிட்டுப் பிறகு மடியை ஒட்டக் கறந்துவிடுங்கள்.

இதரச் சத்து குறைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வைக்கோலை நிறையத் தின்று எரிசக்தி போதாமல் இருப்பது. இன்னொன்று, வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பால் திரியாது, ஆனால் சத்து இறங்கிக்கொண்டே போகும். நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே கால்நடை மருந்தகத்தில் சோதித்துவிடுங்கள். மேலும், கறந்த சூட்டோடு அளந்தால் லாக்டோமீட்டர் குறைத்துக் காட்டும். பால் ஆறியபின் அளக்கச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது தீவனம். நான்கு மாட்டுக்கும் ஒரே படியில் 6 கிலோ அளந்து வைப்பது நியாயம்போலத் தோன்றும், ஆனால் 14 லிட்டர் மாடு அரைப் பட்டினி கிடக்கிறது. 5 லிட்டர் மாடு கொழுக்கிறது. உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. இந்தக் கணக்கில் முறையே 7.1, 5.9, 4.7, 3.5 கிலோ வருகிறது. மொத்தம் 24 கிலோவுக்குப் பதில் 21.2. நாளுக்கு 81 ரூபாய் மிச்சம், அதுவும் நல்ல கறவைக்குக் கூடுதலாகவே கொடுத்து. சினை மாட்டுக்கு மட்டும் சிக்கனம் வேண்டாம். இரண்டு கிலோவை மூன்றாக்குங்கள். அடுத்த கறவையின் பால் இந்த இரண்டு மாதத்தில்தான் தீர்மானமாகிறது. எல்லா மாட்டுக்கும் தாது உப்புக் கலவை அன்றாடம் 30 முதல் 50 கிராம் சேருங்கள்.

கோ-4 புல்லை நன்றாகக் கவனித்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை எடுக்கலாம். நம் தோட்டத்தில் பாதி வரும் என்று வைத்தாலும் 20 சென்ட்டில் நாளுக்கு 40 கிலோ. ஆறு மாட்டுக்கு இது போதாது. இன்னொரு 20 சென்ட் ஒதுக்கி, அதில் பாதி வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனம் போடுங்கள், வரப்பில் அகத்தி. புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிடுங்கள். தண்டு முற்றினால் மாடு கழித்துத் தள்ளும்.

விற்பனையிலும் ஒரு வழி இருக்கிறது, கடன் இல்லாமல். செய்யாறு நகரில் இருபது வீடு பிடித்து, 12 லிட்டரை 50 ரூபாய்க்கு நேரடியாகக் கொடுங்கள். லிட்டருக்கு 15 ரூபாய் கூடுதல், நாளுக்கு 180. ஐந்து லிட்டரை உறை ஊற்றி, கிலோ 60 ரூபாய்க்குத் தயிராகக் கொடுத்தால், செலவு போகச் சுமார் 95. இரண்டும் சேர்ந்து 275 ரூபாய். இன்று மொத்தமாக மிஞ்சுவதற்கு ஏறக்குறையச் சமம். மிச்சப் பால் சங்கத்துக்கு. தயிர் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வாடிக்கை ஓராண்டு நிலைத்து, வீடுகளே நெய்யும் பனீரும் கேட்க ஆரம்பித்தால், அப்போது இயந்திரம் பற்றிப் பேசலாம். அதற்கு முன் சென்னை அருகே கொடுவள்ளியில் உள்ள உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியில் செய்முறைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். அவர் ஆர்வம் வீணாகக் கூடாது.

கடைசியாக அந்தச் சினைப்பிடிக்காத மாடு. உங்கள் தொழுவத்தில் பணம் ஒழுகும் பெரிய ஓட்டை அதுதான். தீவனம் 58, வைக்கோல் 30 என நாளுக்கு 88 ரூபாய் தின்கிறது. ஒரு சினைப்பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள். 1,848 ரூபாய் போயிற்று, வராத பால் தனி. மாடு காலையில் கத்தி, கண்ணாடிபோன்ற வழும்பு தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. வழும்பு கலங்கியோ சீழ்போலவோ இருந்தால் கருப்பையில் நோய்த்தொற்று இருக்கக்கூடும். அந்த முறை ஊசி போடாமல் மருத்துவரிடம் சிகிச்சை எடுங்கள். கருப்பை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் இன்னும் இரண்டு பருவம் பாருங்கள். நான்கு ஊசியும் போட்ட தேதி, வழும்பு இருந்த விதம், எத்தனை மணி நேரம் கழித்துப் போட்டீர்கள் என்பதை எழுதி அனுப்பினால், தவறு நேரத்தில் இருக்கிறதா மாட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.