இடிபாட்டையும் தோண்டிய மண்ணையும் எப்போது சோதிக்க வேண்டும்?

கேள்வி: பழைய கட்டடத்தை இடித்து, அடித்தளத்துக்கு மண் தோண்டப் போகிறோம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்த பிறகு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினால், அப்புறப்படுத்த அனுமதி கிடைத்துவிடுமா?

குவித்த பிறகு என்றால் ரொம்பத் தாமதம். இடிப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

இதுபோன்ற இடங்களில் சாம்பிள் எடுப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் எங்களைக் கூப்பிடும்போது செங்கல், காரை, பெயின்ட் அடித்த மரம், நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், எண்ணெய் ஊறிய மண் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எது எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்துவிட்டால் முழுக் குவியலையும் அபாயக் கழிவாக அனுப்ப வேண்டி வரலாம். அதே ஷீட்டை முன்கூட்டியே நனைத்து, உடையாமல் கழற்றி, தடித்த பாலிதீனில் சுற்றி வைத்திருந்தால் மீதி சாதாரண இடிபாடுதான். செலவை விடுங்கள், உடைந்த ஆஸ்பெஸ்டாஸின் தூசியைச் சுவாசிப்பது இடிக்கிற ஆட்கள். நோய் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் அன்றைக்கு யாருக்கும் பயம் வருவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அடுத்து, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். லேப் நீங்கள் கேட்டதை மட்டுமே பார்க்கும். பெட்ரோல் பங்க் இருந்த மண்ணில் எண்ணெய்ப் பொருள்கள், பழைய டிரான்ஸ்பார்மர் நின்ற இடத்தில் பிசிபி (அதன் எண்ணெயில் முன்பு இருந்த நச்சு வேதிப்பொருள்), பழைய பெயின்ட்டில் ஈயம் என்று இடத்துக்கு ஏற்ற சோதனையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சாம்பிள் எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உலோகங்களுக்கு என்றால் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்பலாம். பெட்ரோல் போல ஆவியாகும் பொருளுக்கு அது கூடாது. கலக்கும்போதே பாதி காற்றில் போய்விடும், ரிப்போர்ட்டில் மண் சுத்தம் என்று வரும். ஒரே இடத்து மண்ணை உடனே அதற்கான புட்டியில் அடைத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

ரிப்போர்ட்டில் ஈயத்துக்கு இரண்டு விதமான எண்கள் வரும். ஒரு கிலோ மண்ணில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பது ஒன்று. அதிலிருந்து நீரில் கசிந்து இறங்குவது எவ்வளவு என்பது இன்னொன்று. அமெரிக்க முறையில் மண்ணின் எடையைப் போல 20 மடங்கு அமிலத் திரவத்தில் போட்டுச் சுமார் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். அந்தத் திரவத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம் இருந்தால் அது அபாயக் கழிவு. அப்படியானால் மொத்த அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அத்தனையும் கரைந்தாலும் 5-ஐத் தொடாது (100-ஐ 20-ஆல் வகுத்தால் 5). கசிவுச் சோதனைக்கே தேவையில்லை. எல்லை அளவு நாட்டுக்கு நாடு மாறும்; திரவத்தின் விகிதம் தெரிந்தால் இந்தக் கணக்கை எங்கும் போட்டுப் பார்க்கலாம்.

அளவு அதிகமாக வந்தால் நல்ல மண்ணைக் கலந்து குறைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், கூடவே நல்ல மண்ணும் கெடும்.

ஜிப்சம் போர்டையும் தனியாக எடுத்து வையுங்கள். கழிவைப் புதைக்கும் கிடங்கில் காற்றில்லாமல் ஈரத்தில் புதைந்தால் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவை உண்டாக்கும்.

சரி, அனுமதி. இடிக்க அரசு தரும் அனுமதியோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழிவை வாங்கும் கிடங்கும் சம்மதிக்க வேண்டும். சோதனைக்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள்: எந்தெந்தப் பொருள்களுக்கு ரிப்போர்ட் வேண்டும், எவ்வளவு மண்ணுக்கு எத்தனை சாம்பிள், எந்த லேபை ஏற்பார்கள். அவர்கள் தரும் சம்மதம் நீங்கள் காட்டிய அந்தக் கழிவுக்கு மட்டும்தான். தோண்டும்போது நிறம் மாறியோ டீசல் வாடையோடோ மண் வந்தால் நிறுத்தி, அதைத் தனியாக பாலிதீன் விரிப்பில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, புதிதாகச் சோதியுங்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் அனுப்பியவர், டிரைவர், வாங்கியவர் மூவரும் கையெழுத்திட்ட சீட்டு இருக்கட்டும். கிடங்கின் எடைச்சீட்டு கைக்கு வந்த பிறகே லாரிக்காரருக்குப் பணம் கொடுங்கள். வழியில் எங்காவது கொட்டிவிட்டுப் போனால், பல நாடுகளில் சட்டம் தேடி வருவது கழிவை உண்டாக்கிய உங்களையும்தான்.