தொழுவம்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

ஐயா, எங்களுக்குச் சித்தூர் மாவட்டம் வி.கோட்டா பக்கம். நாலு புங்கனூர்க் குட்டைப் பசுவும் ஒரு காளையும் வைத்திருக்கிறோம், எல்லாம் ஒரே இடத்தில் வாங்கியவை. அழிகிற இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சந்தோஷமாக இருந்தோம். போன வருஷம் பிறந்த இரண்டு கன்றுமே நோஞ்சான், ஒன்று பத்து நாளில் செத்துப்போனது. தீவனத்தில் குறையா?
– ஒரு வாசகி, வி.கோட்டா

கன்று போனது ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா. சீம்பால் சரியாகக் குடித்ததா, சினை மாட்டுக்குத் தாது உப்பு கொடுத்தீர்களா என்பதையெல்லாம் உங்கள் ஊர் மருத்துவர் நேரில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காளை அந்த நாலு பசுவுக்கும் என்ன உறவு?

பலமனேர் பக்கம் ஒரு வீட்டுக்கு இதே மாதிரி ஒரு புகாருக்காகப் போயிருந்தேன். முற்றத்தில் ஆறு உருப்படி, ஒன்றுகூட என் இடுப்பு உயரம் இல்லை. எதற்கு எது தாய், எந்தக் காளைக்குப் பிறந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டுக் கேட்டு, அடுப்புக்கரியால் தொழுவத்துச் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். எல்லாக் கோடும் ஒரே காளையில் போய் நின்றது. கடைசிக் கன்றுக்கு அதுவே அப்பன், அதுவே தாத்தா. பெரியவர் ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கிற கன்றில், சராசரியாக 25 சதவீத மரபணுக்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நகல் வந்து உட்கார்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருந்த கோளாறு அப்போதுதான் வெளியே தலைகாட்டும். நூறு பசுவுக்கு ஒரே காளை என்றால் நம் கண்ணுக்கு 101 மாடு தெரியும், மரபுக் கணக்கில் அது 4 மாட்டுக்குத்தான் சமம். அதே நூறு பசுவுக்குப் பத்து காளை இருந்தால் 36 ஆகும். பசுவை எவ்வளவு பெருக்கினாலும் காளை ஒன்றுதான் என்றால் இனம் தேய்ந்துகொண்டேதான் போகும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் பொலிகாளை ஐந்து அல்லது அதற்குக் கீழே என்றால், பசு எத்தனை இருந்தாலும், அழிவின் விளிம்பில் என்றுதான் எழுதுகிறது.

உங்கள் காளையை வேறு வம்சத்துக் காளை வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். பலமனேரில் புங்கனூருக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். இனி யார் விற்றாலும் காளையைப் பற்றிக் கேட்காமல் பசுவை வாங்காதீர்கள்.

வெளிநாட்டில் ஒரே காளையின் விந்தை ஊசியாக ஊரெல்லாம் போடுகிறார்களே, அவர்கள் மாடு நன்றாகத்தானே கறக்கிறது?
– குடியாத்தம் வாசகர்

கறக்கிறது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1962-இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளைக்கு மட்டும் 16,000 பெண் கன்றுகள். அதன் உடம்பில் ஒரு கெட்ட மரபணு இருந்தது யாருக்கும் தெரியாது. அது தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். பல நாடுகளில் பல வருஷம் சினை கலைந்துகொண்டே இருந்தது, காரணம் பிடிபட்டது ரொம்பப் பின்னால்தான். இன்று அங்குள்ள ஹோல்ஸ்டீன் காளைகளின் அப்பன் வழியைத் தேடிக்கொண்டே போனால் ஏறக்குறைய எல்லாம் சீஃப், எலிவேஷன் என்ற இரண்டே காளைகளில் முடிகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. கேரளத்தில் 1961-இல் வந்த சட்டப்படி, உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு இனத்தோடு கலந்து பிறந்த மாடுகளால் பால் பெருகியது, அங்குள்ள வெச்சூர்க் குட்டை மாடு கிட்டத்தட்ட காணாமலே போனது. 1989-இல் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராக அலைந்து, மிஞ்சியிருந்த சில மாடுகளைத் தேடிப்பிடித்து வளர்த்துத்தான் அந்த இனம் மீண்டது. விந்தை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துக் காப்பதும் நல்லதுதான், ஆனால் குழாயில் இருக்கிற காளைக்கு வெயிலும் தெரியாது, புதிதாக வருகிற நோயும் தெரியாது. கென்யாவின் சிவப்பு மசாய் செம்மறி ஆடு குடற்புழுவைத் தாங்குவது, புழுவோடேயே பல தலைமுறை மேய்ந்து வந்த பலம்.

எங்கள் மாட்டுக்கு இனப் பெயரே கிடையாது, சும்மா நாட்டு மாடு என்போம். இதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?
– குப்பம் வாசகர்

தம்பி, ‘சும்மா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப்போன மாடுகள்தான் இன்று பிரேசிலில் ‘நெலோர்’ என்ற பெயரில் கோடிக்கணக்கில் மேய்கின்றன. பெயர் வருவது பின்னால் நடக்கிற வேலை, அதைப் பதிவு செய்ய ஹரியானாவின் கர்னாலில் தேசியக் கால்நடை மரபு வள நிறுவனம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் ஊர் மாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிறம், கொம்பு, திமில், உயரம், எத்தனை ஈத்து, எந்தக் காளைக்குப் பிறந்தது, பஞ்ச காலத்தில் என்ன தின்று உயிர் பிழைத்தது என்று எழுதுங்கள். வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஊரில் காயடிக்காத காளை எத்தனை மிச்சம் என்று முதல் பக்கத்தில் குறித்து, அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.