உக்காந்து கேக்கறதுக்குன்னே செஞ்ச பெஞ்சு

கேள்வி: அமெரிக்காவோட டூயி, இத்தாலியோட மாண்டிசோரின்னு கல்வியாளருங்க ஆளாளுக்கு குழந்தைக்கு சுதந்திரம் கொடுக்கறேன்னு கெளம்பினதுலதான் அமெரிக்கா, ஐரோப்பால ஒழுக்கமும் படிப்பும் கெட்டுப்போச்சுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. சரிதானே?

பதில்: சரியில்லீங்க. ஒழுக்கம்னு நீங்க சொல்றது பிரம்புக்கு பயந்து வாய மூடிட்டு இருக்கறதுன்னா, ஆமா, அது போச்சு, போனதுல எனக்கு சந்தோஷம்தான். அதுவும் சும்மா போகல, இங்கிலாந்துல அரசுப் பள்ளிகள்ல அடிக்கக்கூடாதுன்னு 1986ல பார்லிமென்ட்ல ஓட்டு எடுத்தப்போ 231க்கு 230, ஒரே ஒரு ஓட்டுலதான் ஜெயிச்சுது.

ஜான் டூயி 1896ல சிகாகோ யூனிவர்சிட்டில ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சார், முதல்ல 16 பசங்கதான். பசங்களுக்கு ஏத்த டெஸ்க் தேடி ஊர்ல இருக்கற கடையெல்லாம் ஏறி இறங்கியும் கெடைக்கல, கடைசில ஒரு கடைக்காரர்தான் விஷயத்த கப்புனு பிடிச்சார். உங்களுக்கு பசங்க உக்காந்து வேலை செய்யற டெஸ்க் வேணும், எங்ககிட்ட இருக்கறதெல்லாம் உக்காந்து பாடம் கேக்கறதுக்கு செஞ்சதுன்னார். நூறு வருஷ சண்டையே இந்த ஒரு வரிதாங்க.

அந்த ஸ்கூல்ல பசங்க கையில பருத்திய கொடுத்து கொட்டைய பிரிக்கச் சொன்னாங்க, அரை மணி நேரம் முட்டி மோதியும் ஒரு அவுன்ஸ் பஞ்சுகூட தேறல. தங்களோட முன்னோருங்க ஏன் பருத்திய விட்டுட்டு கம்பளி உடுத்தினாங்கன்னு அவங்களுக்கு அப்ப புரிஞ்சுது. அத புக்குல படிச்சு பரீட்சைல எழுதினா மறுநாள் மறந்துடும், விரல் வலிச்சு தெரிஞ்சுகிட்டது மறக்குமா?

மாண்டிசோரி அம்மா 1907ல ரோம்ல ஸ்கூல் தொறந்தது சான் லொரென்சோங்கற ஏழைங்க குடியிருப்புல, பணக்காரப் புள்ளைங்களுக்கு இல்ல. ஆரம்பத்துல ஆதரிச்ச முசோலினி அரசாங்கமே ஒத்துவராம 1930கள்ல அவங்க ஸ்கூல்கள மூடிடுச்சு, ஜெர்மனில நாஜிகளும் மூடினாங்க. சொன்னத மட்டும் செய்யற ஜனம் வேணும்னு நெனச்சவங்களுக்கு இந்தப் படிப்பு ஆகல, இத அந்த வீடியோக்காரர் சொன்னாரா?

படிப்பு கெட்டுச்சாங்கறதுக்கும் பதில் இருக்கு. அமெரிக்கால 1930கள்ல ஏறக்குறைய 30 ஹைஸ்கூல்கள பழைய பாடத்திட்டத்துலேர்ந்து விடுவிச்சு, அங்க படிச்சு காலேஜ் போனவங்கள, வழக்கமான ஸ்கூல்ல படிச்ச அதே மாதிரி பசங்களோட ஜோடி ஜோடியா ஒப்பிட்டாங்க, மொத்தம் 1475 ஜோடி. புது முறைல படிச்சவங்க பின்தங்கல, மார்க்ல ஒரு துளி மேலதான் இருந்தாங்க. ரிசல்ட் வந்தது 1942ல, யுத்தம் நடந்துட்டு இருந்துச்சு, யார் படிச்சா?

தப்பே நடக்கலன்னு சொல்ல வரல, நடந்துச்சு, அதுல எனக்கு கோபமே உண்டு. 1945ல சார்லஸ் ப்ராசர்னு ஒருத்தர் 60 சதவீதம் பசங்க காலேஜுக்கும் லாயக்கில்ல, தொழிற்கல்விக்கும் லாயக்கில்ல, வாழ்க்கைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்க மட்டும் சொல்லிக் கொடுப்போம்னு கெளம்பினார், டூயி மாதிரி ஆளுங்களோட முறைக்கு இருந்த முற்போக்குக் கல்விங்கற பேரையே அதுக்கும் வெச்சு வித்தாங்க. ஏழைப் புள்ளைக்கு அல்ஜீப்ரா எதுக்குன்னு பெரியவங்க உக்காந்து முடிவு பண்றது டூயி சொன்னதுக்கு நேர் எதிர். ஆனா 1957ல ரஷ்யா ஸ்புட்னிக்னு முதல் செயற்கைக்கோள விட்டதும், நம்ம படிப்பு பின்தங்கிடுச்சுன்னு அமெரிக்கால பழி மொத்தமும் டூயி தலைல விழுந்துச்சு, பதில் சொல்ல அவர் உசுரோட இல்ல, 1952லயே போய்ட்டார்.