குரல் அறை திறந்திருந்தும் யாரும் வராத சிக்கல் குறித்து

வணக்கம். வெவ்வேறு இடங்களிலிருந்து வேலை செய்யும் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்காக, இணையவழி உரையாடல் செயலியான டிஸ்கார்டில் நாள் முழுவதும் ஒரு குரல் அறையை (நுழைந்தவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இடத்தை) திறந்து வைத்தும் எவரும் வருவதில்லை என்றும், சிறு ஐயங்கள்கூட மறுநாள் கூட்டம்வரை தேங்கிவிடுகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். கருவியில் குறையில்லை என்றே கருதுகிறேன். ஆளில்லாத அறைக்குள் முதலில் நுழையத்தான் எல்லோருக்கும் தயக்கம். இருக்கைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூடப் பேச்சு வெகுவாகக் குறைவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே காட்டியிருக்கிறார். வெற்று அறையும் ஒரு வகைத் தொலைவுதான்.

எங்கள் குழுவில் அறையைக் காலை 10 முதல் 11:30 வரை மட்டும் வைத்துக்கொண்டு, மூத்தவர்கள் இருவர் நாள்தோறும் அதில் அமர்ந்து தத்தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருநாள் ஒருவர் தன் நிரலைப் பார்த்து, "இது ஏன் ஓட மாட்டேன் என்கிறது?" என்று தனக்குள் முணுமுணுக்க, ஒலிவாங்கி திறந்திருந்ததால் அதைக் கேட்ட இன்னொருவர், நிரல் இணைய வேண்டிய வாயிலைக் குறிக்கும் போர்ட் எண் மாறியிருப்பதை அந்தக் கணமே சொல்லிவிட்டார். பக்கத்து இருக்கையிலிருந்து கிடைத்துவந்த உதவி இதுதானே! விசையை அழுத்தினால் மட்டும் குரல் செல்லும் முறையில் இந்த முணுமுணுப்பு தொலைந்துவிடும் என்பதால், இரைச்சல் நீக்கும் வசதியை மட்டும் இயக்கிப் பாருங்கள். அறைக்கு வருவதை வருகைப்பதிவாக மேலாளர் எவரும் எண்ணாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எண்ணத் தொடங்கினால் பேச்சு அன்றே நின்றுவிடும்.