“முதலில் இங்கிலீஷ் வரட்டும்” என்று பள்ளி சொன்னால் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் மேடம். கோயம்புத்தூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நன்றாகப் பேசுவான், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தை எடுத்தால் அழுகைதான். ஊரில் ஒன்றாம் வகுப்பு டீச்சரே, “எழுத்து மனசுல நிக்க மாட்டேங்குது, காட்டிப் பாருங்க” என்றார். இங்கே டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேட்டால், “இ.எஸ்.எல். (இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு) பிள்ளை, முதலில் இங்கிலீஷ் வரட்டும், அதிலிருந்து வெளியே வந்த பிறகு பார்க்கலாம்” என்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. மீட்டிங்கில் ஏழாவது படிக்கும் என் மகள்தான் எடுத்துச் சொன்னாள். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள், எதற்கென்று புரியவில்லை. ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் வந்தால் இ.எஸ்.எல். வகுப்பை நிறுத்திவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ரொம்பக் கேட்டால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும் என்று கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குப் பள்ளி பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். எழுத்தில் கேட்டால் சட்டத்தின் கெடு ஓடத் தொடங்கும்.

பள்ளி சொல்வதற்குப் பின்னால் ஒரு நல்ல விதி இருக்கிறது. இங்கிலீஷ் போதாததுதான் ஒரு பிள்ளையின் தடுமாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்றால், அந்தப் பிள்ளையை மாற்றுத்திறன் உள்ளவன் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. என்ற ஃபெடரல் சட்டத்தின் விதி. அது காரணமில்லாமல் வந்ததல்ல. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். 1970ல் டயானா வழக்கில் அது நீதிமன்றம் வரை போனது. உங்கள் பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

ஆனால் அந்த விதி பேசுவது பரிசோதனை முடிந்த பிறகு எடுக்கும் முடிவைப் பற்றி. பரிசோதனையே செய்யாமல், காரணம் மொழியா வேறா என்று யாருக்குத் தெரியும்? இ.எஸ்.எல்.லில் இத்தனை வருடம் இருந்தால்தான் டெஸ்ட் என்று சட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை. சந்தேகம் வந்தால் தானாகவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கடமையும் பள்ளி மாவட்டத்துக்கு உண்டு. பிள்ளைகளைக் காக்க வந்த விதியையே காட்டி ஒரு பிள்ளையை இரண்டு வருடம் அழ விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி உங்கள் மகனின் தமிழ்தான். ஊரில் எழுதிய இரட்டைக் கோடு நோட்டு இன்னும் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். ‘மரம்’ என்பது ‘பரம்’ ஆகியிருக்கிறதா? ‘கொ’ எழுதும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருக்கிறதா? மேலே பார்த்து எழுதிய வரியிலேயே எழுத்து விட்டுப்போயிருக்கிறதா? இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடா இல்லையா என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ‘இங்கிலீஷ் வரட்டும்’ என்பவர்களுக்கு, தமிழிலும் இதே தடுமாற்றம் இருந்தது என்பதைவிடப் பெரிய பதில் கிடையாது. நான்கைந்து பக்கங்களைப் படம் எடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்று இங்கிலீஷில் குறித்து, கடிதத்தோடு இணையுங்கள். அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் இரண்டு வரி எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடிதம் நீளமாக வேண்டாம். “என் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் குறைபாடு இருப்பதாகச் சந்தேகிக்கிறேன். தமிழிலும் இதே சிரமம் இருந்தது. சைல்ட் ஸ்டடி டீம் (பள்ளியின் பரிசோதனைக் குழு) மூலம் முழு எவாலுவேஷன் செய்யும்படி கேட்கிறேன். பரிசோதனை அவனுடைய தாய்மொழியையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட வேண்டும். கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.” இவ்வளவு போதும். பள்ளி மாவட்டத்தின் ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டருக்கு ஈமெயிலில் அனுப்பி, பிரின்சிபாலுக்கு நகல் போடுங்கள். அனுப்பிய தேதியைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

கடிதம் கிடைத்து 20 நாளுக்குள், பரிசோதனை தேவையா என்று முடிவு செய்யும் கூட்டத்தை நியூ ஜெர்சிப் பள்ளி கூட்ட வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 90 நாளுக்குள் பரிசோதனை முடிந்து, தகுதி உண்டு என்றால் ஐ.இ.பி.யும் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். முடியாது என்று சொன்னால், ஏன் என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். காரணத்தை எழுதும்போது ‘இ.எஸ்.எல். பிள்ளை’ என்ற ஒற்றை வரி நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

தமிழில் டெஸ்ட் எடுக்கத் தெரிந்த பள்ளி சைக்காலஜிஸ்ட் கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக இங்கிலீஷ் டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து முடித்துவிட முடியாது. பேச்சு தேவைப்படாத சோதனைகள், மொழிபெயர்ப்பாளர், உங்களிடம் கேட்கும் விவரங்கள், பழைய நோட்டு எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அந்த முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், பள்ளியின் செலவில் வெளி நிபுணரிடம் தனிப் பரிசோதனை கேட்கலாம். பள்ளி பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் தன் பரிசோதனை சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும்.

உங்கள் மகளை இனி மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும் சுமை பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. தமிழுக்குத் தொலைபேசி வழியாகவும் ஆள் கிடைப்பார்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகலை உடனே கேளுங்கள். வெறும் வருகைப் பதிவாகவும் இருக்கலாம். ஏதாவது சம்மதம் என்றால், புரியும் மொழியில் விளக்காமல் வாங்கிய சம்மதத்தைச் சம்மதமாகவே சட்டம் கருதாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது தவறு. 1974ல் லாவ் வழக்கில், சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: பாடம் புரியாத மொழியில் பிள்ளையைச் சும்மா உட்கார வைப்பது சம வாய்ப்பு ஆகாது. அதே ஆண்டு வந்த சமக் கல்வி வாய்ப்புச் சட்டமும் உண்டு. ஐ.டி.இ.ஏ. தன் பங்குக்கு, ஐ.இ.பி. எழுதும்போதே பிள்ளையின் மொழித் தேவையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆக இரண்டு உதவியும் சேர்ந்தே வரும். இ.எஸ்.எல். ஆசிரியரும் ஐ.இ.பி. கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு உதவியும் உண்டு என்பதைத் தெளிவாகச் சொன்ன 2015ஆம் ஆண்டின் ஃபெடரல் வழிகாட்டுக் கடிதத்தை 2025ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். யாராவது அதைக் காட்டி ‘விதி மாறிவிட்டது’ என்றால் நம்பாதீர்கள். போனது விளக்கக் கடிதம். சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

கணவரிடம் சொல்லுங்கள்: அரசுப் பள்ளியில் படிப்பதையும் அங்கே ஸ்பெஷல் எஜுகேஷன் பெறுவதையும் குடியேற்றத் துறை ‘பப்ளிக் சார்ஜ்’ (அரசு உதவியை நம்பி வாழ்பவர் என்ற) கணக்கில் சேர்ப்பதில்லை. ஆவணமே இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவை மூடக் கூடாது என்று 1982ல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான விசாவில் இருக்கும் நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

பள்ளி பதிலே தராவிட்டால் மாநிலக் கல்வித் துறையில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்குள் நடந்த மீறலாக இருக்க வேண்டும். ஃபெடரல் சிவில் உரிமை அலுவலகமும் உண்டு. ஆனால் 2025ல் நியூ யார்க், ஃபிலடெல்ஃபியா உட்படப் பல கிளைகளை மூடியதால், இப்போதைக்கு மாநிலப் புகாரே நல்லது என்பேன். கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால், நியூ ஜெர்சியில் ஸ்பான் என்ற பெற்றோர் உதவி அமைப்பு இலவசமாக வழிகாட்டும்.

கோடை விடுமுறை வருகிறது, செப்டம்பரில் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லக்கூடும். அந்த 20 நாள் கணக்கில் மற்றப் பள்ளி விடுமுறைகளைக் கழிக்கலாம், கோடை விடுமுறையைக் கழிக்க முடியாது. ஜூன் கடைசியில் கொடுத்த கடிதத்துக்கும் ஜூலையில் கூட்டம் நடத்தியாக வேண்டும்.