மன்னார்குடி அண்ணனுக்கு: பொண்ணு மேத்ஸ் குரூப்லயே இருக்கட்டும்

அண்ணே, நேத்து போன்ல நீங்க சொன்னதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, பொண்ணு புத்தகத்த மூடி வச்சுட்டு களத்துல கம்ப நட்டு நிழல அளந்துக்கிட்டு நிக்குது, பேசாம மேத்ஸ விட்டுட்டு ப்யூர் சயின்ஸ் குரூப்ல மாத்தி நீட் கோச்சிங்ல சேத்துடவான்னு கேட்டீங்கல்ல. குரூப் மாத்தச் சொல்லி லெட்டர் எதையும் இப்ப ஸ்கூல்ல குடுத்துடாதீங்கண்ணே.

ஜூன்ல உச்சிவேளை நிழல் தெக்கால விழுதுன்னு நோட்டுல எழுதியிருக்கா, தப்பா அளந்துட்டியேன்னு நீங்க சத்தம் போட்டீங்க. அவ அளந்தது சரிண்ணே. நம்ம டெல்டா பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 11 டிகிரில இருக்கு, சூரியன் வடக்க 23.4 டிகிரி வரைக்கும் போயிட்டு வருது, அதனால ஏப்ரல் மூணாவது வாரம் நம்ம தலைக்கு நேரா வந்து, அப்டியே நம்மள தாண்டிப் போயி, ஆகஸ்ட் நாலாவது வாரந்தான் திரும்ப தலைக்கு மேல வருது. நடுவுல உள்ள நாலு மாசமும் உச்சி வெயில் நமக்கு வடக்க இருந்துதான் அடிக்குது, குறுவை நாத்து நடுறப்ப நீங்களே கவனிச்சுப் பாருங்க. தலைக்கு நேரா வர்ற அந்த ரெண்டு தடவையும் மதியம் 12.10, 12.15 வாக்குல கம்போட நிழல் அடியிலயே அடங்கிடும். டெல்லில இத பாக்கவே முடியாது, அவ்வளவு வடக்க சூரியன் போறதில்ல. டீச்சர் சொல்லாம, கூகுள் பாக்காம ஒரு பதினோராம் கிளாஸ் புள்ள இத தானா கண்டுபிடிச்சிருக்குன்னா எனக்கு நெஜமாவே சந்தோஷமா இருக்குண்ணே.

சூரியன சுத்தி கோட்டை கட்டியிருந்துச்சுன்னும் சொன்னாளாமே, அது ரொம்ப ஒசரத்துல உள்ள மேகத்துல ஐஸ் துகள் வெளிச்சத்த மடக்குறதால வர்ற வட்டம், நடுவுலேருந்து விளிம்புக்கு 22 டிகிரி, கைய நல்லா நீட்டி ஒரு சாண் விரிச்சா கிட்டத்தட்ட அந்த அளவு வரும். ஆனா சூரியன வெறும் கண்ணால பாக்க விடாதீங்க, எக்ஸ்ரே ஃபிலிம் வச்சும் வேணாம், கட்டைவிரலால மறைச்சுக்கிட்டு சுத்தி உள்ள வட்டத்த மட்டும் பாக்கட்டும்.

இனி படிப்பு. இந்த ஆர்வத்துக்கு பிசிக்ஸும் மேத்ஸும் இல்லாம முடியாது. ப்ளஸ் டூ முடிச்சு ஐசர்ங்கிற மத்திய அரசு அறிவியல் கல்லூரினா ஐஏடிங்கிற அவங்க நுழைவுத் தேர்வு எழுதணும், திருவனந்தபுரத்துல உள்ள விண்வெளிப் படிப்பு கல்லூரி ஐஐஎஸ்டினா ஐஐடிக்கு எழுதுற ஜேஇஇ அட்வான்ஸ்டு. வெளியூர் அனுப்ப மனசு வரலன்னா பக்கத்துலயே பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சுட்டு, ஐஐடி மாதிரி எடத்துல எம்எஸ்சி சேர ஜாம்ங்கிற தேர்வு எழுதலாம், நம்ம திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டிலயும் எம்எஸ்சி பிசிக்ஸ் இருக்கு. வானிலை பக்கமும் போலாம். கொடைக்கானல்ல 1899ல ஆரம்பிச்ச, சூரியன ஆராயுற ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு, சூரியன ஆராய இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்1 விண்கலத்துக்கு ப்ராஜெக்ட் டைரக்டரா இருந்தவங்க செங்கோட்டைல பொறந்த நிகர் ஷாஜி.

மறைக்காம சொல்றேன், ஆராய்ச்சின்னா ப்ளஸ் டூவுக்கு அப்புறம் பிஎச்டி முடிக்க பத்து வருஷம் கிட்ட ஆகும், சம்பளம் லேட்டாத்தான் வரும். ஆனா பிஎச்டில ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா மாசம் 37,000 ரூபா குடுக்குறாங்க, அப்புறம் உங்க கைய எதிர்பாக்க மாட்டா. நீட்தான் எழுதணும்னு அவளே கேட்டா அது வேற, இதுவரைக்கும் அவள்ட்ட யாரும் கேட்டதா தெரியல.

ஞாயித்துக்கிழமை அவளயும் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே, அந்த நிழல் நோட்ட மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.