உறைந்திருக்கும் மூன்று கருக்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திருக்கருகாவூருக்குப் பக்கம். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் வாங்கிச் சாப்பிட்டேன், ஐ.வி.எஃப். சிகிச்சையும் எடுத்தேன். பையன் பிறந்தான், இப்போது நான்கு வயது. அப்போது உருவான கருக்களில் மூன்று மிச்சம். அவற்றை உறைய வைத்திருக்கிறார்கள், வருஷா வருஷம் பணம் கட்டுகிறோம். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

இந்த முறை பணம் கட்டப் போனபோது கவுண்டரில் ஒரு தாளை நீட்டி, "வெச்சுக்கறீங்களா, கலைச்சிடலாமா, ஆராய்ச்சிக்குத் தர்றீங்களா? டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. நான் போடாமல் வந்துவிட்டேன். என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. அதனால் என் கணவர் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மாமியாரோ, "கலைஞ்ச கருவையே குடத்துல வெச்சுக் காப்பாத்துன அம்பாள் ஊரு இது. விதைநெல்லை யாராச்சும் குத்தித் திம்பாங்களா?" என்கிறார்.

அது உயிரா ஐயா? கொடுத்தால் பாவமா? அமெரிக்காவில் இதை வைத்துப் பெரிய அரசியலே நடந்ததாமே, இங்கே ஏன் யாரும் பேசுவதில்லை?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தது சரியான காரியம். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கவுண்டரில் உங்களிடம் கேட்ட விதம் தப்பு. இந்த விவகாரத்தில் நம் ஊரில் நாம் கோபப்பட வேண்டிய இடம் அதுதான் என்று நம்புகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இப்படி உறைய வைப்பது பெரும்பாலும் ஐந்தாம் நாள் கரு. நூறு, இருநூறு செல்கள் இருக்கும், வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. அதன் வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சின்னக் கொத்துதான் குழந்தையின் உடம்பாக வளரும். அந்தக் கொத்தைப் பிரித்து வளர்த்தால் கிடைப்பவைதான் கரு ஸ்டெம் செல்கள். உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும், ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் இதை மனிதக் கருவில் முதலில் செய்து காட்டினார். அவர் பயன்படுத்தியவையும் சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டு, தம்பதிகள் சம்மதித்துக் கொடுத்த கருக்கள்தான். அந்தக் கொத்தை எடுத்ததும் கரு அத்தோடு முடிந்துவிடும். சிலர் இதைப் பூசி மெழுகிச் சொல்வார்கள். அப்படிச் சொல்லக் கூடாது. உங்கள் மாமியார் கை வைத்திருப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அது உயிரா? உயிருள்ளதுதான், சந்தேகமில்லை. உங்கள் மகனுக்கு இருக்கிற அத்தனை உரிமையும் அதற்கு உண்டா என்பதில்தான் உலகம் பிரிந்து நிற்கிறது. வேளாங்கண்ணியில் கேட்டால், கருத்தரித்த நொடியிலிருந்தே முழு மனிதன் என்று திருச்சபை சொல்வதைச் சொல்வார்கள். அதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே நாகூரில் கேட்டால், நாற்பதாம் நாள் என்றோ நூற்றிருபதாம் நாள் என்றோ ஆன்மா சேரும் காலத்தைச் சொல்கிற மார்க்க அறிஞர்கள் உண்டு. நம் கோயில்களுக்கு இப்படி ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும் தலைமை கிடையாது. பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான அரசுக் குழு 1984-ல், கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று ஒரு எல்லை வகுத்தது. அந்த நாள் வாக்கில்தான் உடம்பின் அச்சு போல ஒரு கோடு கருவில் தோன்றும். அதுவரை ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டைக் குழந்தையாகலாம், நரம்பு என்று எதுவும் கிடையாது. இன்னார் என்றே இன்னும் தீர்மானமாகாத ஒன்றை ஒரு ஆளாக என்னால் நினைக்க முடியவில்லை. அதனால் நான் அந்தப் பதினான்கு நாள் எல்லையை ஏற்கிறேன். நம் நாட்டு விதிமுறைகளும் அதற்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்க அனுமதிப்பதில்லை.

விதைநெல் பற்றிச் சொன்னதற்கு மரியாதையோடு ஒரு பதில். விதைநெல்லைத் தொடக் கூடாது என்பது அதை விதைக்கப் போகிறோம் என்பதால். நீங்கள் இருவரும் இனி விதைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். அப்படியானால் அந்த மூன்று கருக்களுக்கும் மிஞ்சுவது கலைப்பது அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. கலைப்பதை ஏற்றுக்கொண்டு, கொடுப்பதை மட்டும் கொலை என்று சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அமெரிக்க அரசியலிலும் இதே ஓட்டைதான் இருந்தது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தது ஆராய்ச்சிக்குத் தடை இல்லை, அரசுப் பணத்துக்குக் கட்டுப்பாடு. அந்தத் தேதிக்கு முன்பே உருவான செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி வரும் ஸ்டெம் செல்கள்) மட்டும் அரசு நிதி என்றார். 2006-ல் அதைத் தளர்த்த நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியபோது அதை நிராகரித்தார். அவர் பதவிக்கு வந்து பயன்படுத்திய முதல் வீட்டோ அது. மற்றவர்களின் மிச்சக் கருவிலிருந்து தத்தாகப் பிறந்த குழந்தைகளை அன்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தக் குழந்தைகளைப் பார்த்து யாருக்கும் மனம் இளகும், எனக்கும்தான். ஆனால் அதே நாட்டில் கருத்தரிப்பு மையங்கள் வேண்டாத கருக்களைத் தொடர்ந்து கலைத்துக்கொண்டுதான் இருந்தன, அதை அவர் தொடவில்லை. அவர் கட்சியிலேயே கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஆரின் ஹேட்ச் ஆராய்ச்சியை ஆதரித்தார். உயிர் தாயின் வயிற்றில் தொடங்குகிறது, குளிர்பெட்டியில் இல்லை என்பது அவர் வாதம். கணவரான முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகனை அல்சைமர் என்ற மறதி நோய் கொண்டுபோவதைப் பார்த்த நான்சி ரீகனும் ஆதரித்தார். கலிபோர்னியா மக்கள் 2004-ல் வாக்களித்து 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2009-ல் ஒபாமா கட்டுப்பாட்டை விலக்கினார்.

அத்தனை சண்டையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானில் ஷின்யா யமனாகா என்ற விஞ்ஞானி, நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியாக ஒரு கருவைப் பார்த்தபோது தன் மகள்கள் நினைவுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கருவைத் தொடாமல் வழி இருக்கிறதா என்று தேடி, 2006-ல் எலியின் சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றினார். அடுத்த வருடம் மனிதச் செல்லிலும் அது நடந்தது. 2012-ல் நோபல் பரிசு. அப்படியானால் கருவே இனி வேண்டாமே என்று கேட்கலாம். அவர் கண்டுபிடிப்பே கரு ஸ்டெம் செல்கள் கற்றுக்கொடுத்ததிலிருந்து வந்தது. இரண்டு வழியும் இன்றுவரை சேர்ந்தேதான் நடக்கின்றன.

உங்கள் நாத்தனாருக்கு வந்திருக்கும் வகைச் சர்க்கரையில் 2025-ல் ஒரு முடிவு வெளியானது. கரு ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, முழு அளவு செலுத்திக்கொண்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. உடம்பு அந்தச் செல்களைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். 12 பேர் என்பது சின்னக் கணக்கு, இது நாளைக்கே தஞ்சாவூரில் கிடைக்கப் போவதில்லை. உங்கள் கருக்கள் அப்படியொரு மருந்தாகும் என்றும் யாரும் வாக்குத் தர முடியாது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று இப்போதே காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். 2017-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) வழிமுறைகள், ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் ஆய்வாகத்தான் நடக்க வேண்டும் என்கின்றன.

இங்கே ஏன் பேச்சு இல்லை? 1971-லேயே கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டது, அது தேர்தல் பிரச்சினையாகவும் ஆகவில்லை. புஷ் அனுமதித்த பட்டியலில் மும்பை ரிலையன்ஸ் நிறுவனத்தின் செல் வரிசைகளும் பெங்களூர் தேசிய உயிரியல் மையத்தின் வரிசைகளும் இருந்தன. நம் வீட்டுப் பெண்களின் கரு உலக அரசியலின் நடுவில் இருந்தது, நம்மில் பலருக்கு அது தெரியவே இல்லை.

தென் கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி கரு ஸ்டெம் செல் ஆய்வில் செய்த மோசடியில் என்னை மிகவும் உறுத்துவது பொய்யான ஆய்வுக் கட்டுரைகளைவிட, தன் கீழ் வேலை பார்த்த இளம் பெண் ஆய்வாளர்களின் கருமுட்டையையே அவர் பயன்படுத்தியதுதான். மேலதிகாரிக்கு ஒரு பெண் கொடுக்கும் சம்மதம் என்ன சம்மதம்? பணம் கட்டும் வரிசையில் நின்றபடி டிக் அடிப்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. இந்தக் கருக்களுக்காக ஊசி போட்டுக்கொண்டது நீங்கள், மயக்க மருந்தில் படுத்தது நீங்கள். டெல்டாவில் நகையை அடகு வைத்து, நிலத்தை ஒத்திக்கு விட்டு இந்தச் சிகிச்சைக்குப் போகிற குடும்பங்கள் எத்தனை. அவர்களிடம் உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்க முடியாதா?

2021-ன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருவைப் பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். விற்கக் கூடாது. ஆகவே அவசரமே இல்லை. மருத்துவரை நேரில் பார்த்துக் கேளுங்கள்: எந்த நிறுவனத்துக்குப் போகிறது, ஸ்டெம் செல் ஆய்வுக்கென்று உள்ள குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, செல் வரிசை உருவானால் அது யாருக்குச் சொந்தம், எங்கள் பெயரும் மரபணு விவரமும் யார் கைக்குப் போகும், மனம் மாறினால் எதுவரை திரும்பப் பெறலாம். எழுத்தில் பதில் தராவிட்டால் இன்னொரு வருடப் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் மாமியாரையும் அழைத்துப் போங்கள். குடத்தில் காத்த அம்பாளை நம்புகிறவர் கேட்கும் கேள்விக்கு அந்த மருத்துவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் முடிவில் நீங்களும் உங்கள் கணவரும் ஒத்துப்போகவில்லை என்றால், என் கணக்கில் உங்கள் வார்த்தைதான் பெரிது. அந்தப் படிவத்தின் நகலை வாங்கி எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.